பிராம்ஸின் டி மைனர் பியானோ கன்சர்ட்டோ: 1962 கார்னகி அரங்கப் பதிவு

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸ் இயற்றிய முதல் பியானோ கன்சர்ட்டோ, 1962 ஏப்ரல் 6 வெள்ளிக்கிழமை நியூயார்க் நகரின் கார்னகி அரங்கில் இசைக்கப்பட்டது. பியானோ வாசித்தவர் கனடா நாட்டைச் சேர்ந்த கிளென் கூல்ட். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தியவர் அமெரிக்கரான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். கூல்ட் வாசிக்கப்போகும் முறையில் தமக்கு முழு உடன்பாடு இல்லை என்று பெர்ன்ஸ்டைன் முதலில் அவையோரிடம் அறிவித்தார். பிறகு அதே முறையில் இசைக்குழுவை நடத்தினார். அந்த அறிவிப்பும் இசையும் ஒலிப்பதிவாக இன்றும் கிடைக்கின்றன. ஒரு படைப்பின் காலப்பிரமாணத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி எழும்போதெல்லாம் மேலை இசை உலகில் இந்தப் பதிவு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

கன்சர்ட்டோ என்னும் வடிவம்

ஒரு தனி வாத்தியமும் முழு இசைக்குழுவும் சேர்ந்து இசைப்பதற்காக எழுதப்படும் நீண்ட படைப்பே கன்சர்ட்டோ. பெரும்பாலான கன்சர்ட்டோக்கள் மூன்று பகுதிகள் கொண்டவை. முதற்பகுதி விரைவாகவும், நடுப்பகுதி மெதுவாகவும், இறுதிப்பகுதி மீண்டும் விரைவாகவும் அமைவது வழக்கம்.

இவ்வடிவத்தில் இரண்டு தலைமைகள் உள்ளன. இசைக்குழுவில் எண்பது, நூறு பேர் இருக்கலாம். அவர்கள் அனைவரும் நடத்துநரின் கையசைவைப் பார்த்தே வாசிப்பார்கள். தனி வாத்தியக் கலைஞரோ தம் பகுதியைத் தாமே சிந்தித்து அமைத்துக்கொண்டு வருபவர். ஸ்வரங்கள் அனைத்தும் தாளில் எழுதப்பட்டிருந்தாலும், எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம், எங்கே சற்று நிறுத்துவது என்பவற்றை வாசிப்பவர்களே தீர்மானிக்க வேண்டும். ஒத்திகையின்போது இருவரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவது இயல்பு. உடன்பாடு வராவிட்டால் ஒருவர் விட்டுக்கொடுப்பார். அது வெளியே தெரியாது. 1962இல் அது வெளியே சொல்லப்பட்டது.

படைப்பு உருவான சூழல்

பிராம்ஸ் 1833ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் பிறந்தார். இருபது வயதில், 1853 இலையுதிர் காலத்தில், டியூசெல்டார்ஃப் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானையும் அவருடைய மனைவியும் பியானோ கலைஞருமான கிளாராவையும் சந்தித்தார். ஷூமான் இந்த இளைஞரின் திறமையைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார். சில மாதங்களிலேயே, 1854 பிப்ரவரியில், மனநோயால் வருந்திய ஷூமான் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்ட அவர் எண்டனிஷ் என்ற இடத்திலிருந்த மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1856 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். அந்த ஆண்டுகளில் ஷூமான் குடும்பத்துக்குத் துணையாக நின்றவர்களில் பிராம்ஸ் முதன்மையானவர்.

கன்சர்ட்டோவின் வித்து விழுந்தது அந்த 1854ஆம் ஆண்டில்தான். முதலில் அது இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டாவாக எழுதப்பட்டது. பின்னர் சிம்பொனியாக மாற்ற முயன்றார் பிராம்ஸ். இசைக்குழுவுக்கு எழுதிய அனுபவம் அப்போது அவருக்குப் போதவில்லை. இறுதியில் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்த கன்சர்ட்டோவாக அது உருப்பெற்றது. இந்நெடிய வேலையில் நண்பரும் வயலின் மேதையுமான யோசஃப் யோவாகிம் அவருக்கு ஆலோசனை கூறி வந்தார்.

1859 ஜனவரி 22 அன்று ஹானோவர் நகரில் யோவாகிம் நடத்த, பிராம்ஸே பியானோ வாசிக்க, படைப்பு அரங்கேறியது. ஐந்து நாட்கள் கழித்து, ஜனவரி 27 அன்று, லைப்சிக் நகரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வாசிக்கப்பட்டபோது அவையினர் சீறொலி எழுப்பித் தம் வெறுப்பைத் தெரிவித்தனர். கை தட்ட முயன்ற சிலரும் அந்தச் சீறொலியில் அடங்கிப்போனதை யோவாகிமுக்கு எழுதிய கடிதத்தில் பிராம்ஸ் மறைக்காமல் குறிப்பிட்டுள்ளார். விரல் வித்தைகள் நிறைந்த கன்சர்ட்டோக்களைக் கேட்டுப் பழகிய அவை அது. நீளமும் இறுக்கமும் கொண்டு, சிம்பொனி போல ஒலித்த ஒரு படைப்பை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சுருதியும் உணர்வும்

இப்படைப்பு டி மைனர் என்னும் சுருதியில் அமைந்தது. டி என்பது ஆதார ஸ்வரம். நம் முறையில் சொன்னால் ஷட்ஜத்தின் இடம். கர்நாடக இசையில் பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ப ஷட்ஜத்தை அமைத்துக்கொள்ளலாம். மேலை இசையிலோ இசையமைப்பாளர் அதையும் தாளிலேயே நிலையாகக் குறித்துவிடுகிறார். மைனர் என்பது ஸ்வர வரிசையின் வகை. இயல்பு மைனரின் ஸ்வரங்கள் நடபைரவியின் ஸ்வரங்களோடும், ஹார்மோனிக் மைனரின் ஸ்வரங்கள் கீரவாணியின் ஸ்வரங்களோடும் ஒத்துப்போகின்றன. மேஜர் வரிசை சங்கராபரணத்துக்கு இணையானது. ஸ்வரங்கள் பொதுவானவை என்பதைத் தவிர, கமகமும் சஞ்சாரமும் கொண்ட ராகத்துக்கும் இந்த வரிசைகளுக்கும் வேறு உறவு இல்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

டி மைனர் படைப்பு என்று பெயர் இருந்தாலும் தொடக்கம் காதைத் தடுமாற வைக்கிறது. டிம்பனி முரசும் அடித்தள வாத்தியங்களும் டி ஸ்வரத்தை இடி போல உருட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் வயலின்கள் பி ஃபிளாட் மேஜருக்குரிய ஸ்வரங்களை முழங்குகின்றன. தொடர்ந்து ஏ ஃபிளாட் ஸ்வரத்தில் கூர்மையான அதிர்வுகள் வருகின்றன. டி ஸ்வரத்தோடு சற்றும் பொருந்தாத ஸ்வரம் அது. நம் முறையில் ஷட்ஜத்துக்கு எதிரே பிரதி மத்தியமம் நிற்பது போன்ற இடைவெளி. வீடு எது என்று தெரியாமல் புயலில் நிற்கும் உணர்வை இது தருகிறது. ஷூமான் ஆற்றில் குதித்த செய்தி தந்த அதிர்ச்சியே இந்தத் தொடக்கத்தில் ஒலிக்கிறது என்று கருதுவோர் உண்டு.

முதற்பகுதியில் இசைக்குழு நெடுநேரம் தனியே முழங்குகிறது. 91ஆம் தாளக்கட்டில்தான் பியானோ நுழைகிறது. அதுவும் ஆரவாரமின்றி, துயரம் தோய்ந்த அமைதியோடு வருகிறது. பிறகு எஃப் மேஜரில் பியானோ தனித்து வாசிக்கும் இரண்டாம் கருப்பொருள், தேவாலயப் பாடலின் சாந்தத்தைக் கொண்டது.

நடுப்பகுதி டி மேஜர். கையெழுத்துப் படியில் இதன் தொடக்கத்தில், ஆண்டவரின் பெயரால் வருபவர் வாழ்த்துக்குரியவர் என்னும் பொருளுடைய லத்தீன் வழிபாட்டு வரியைப் பிராம்ஸ் எழுதியிருந்தார். கிளாராவுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மென்மையான உருவப்படம் ஒன்றைத் தாம் தீட்டிக்கொண்டிருப்பதாகவும் இப்பகுதியைக் குறித்துச் சொன்னார். எனவே இது ஷூமானுக்கான வேண்டுதல் என்று சிலரும், கிளாராவுக்கான காணிக்கை என்று சிலரும் கொள்வர். இறுதிப்பகுதி மீண்டும் டி மைனரில் துள்ளலோடு தொடங்கி டி மேஜரில் நிறைவடைகிறது.

காலப்பிரமாணம் என்னும் சிக்கல்

முதற்பகுதிக்குப் பிராம்ஸ் இட்ட குறிப்பு மயெஸ்டோசோ என்பது. கம்பீரமாக என்று அதற்குப் பொருள். இச்சொல் வேகத்தைவிடத் தன்மையையே சொல்கிறது. தாளக்குறிப்பு 6/4; அதாவது ஒரு தாளக்கட்டுக்கு ஆறு அட்சரங்கள். இதை ஆறு தனி அடிகளாக எண்ணலாம். மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு பெரிய அடிகளாகவும் எண்ணலாம். இரண்டாக எண்ணினால் இசை பெருவெள்ளமாய் ஓடும். ஆறாக எண்ணினால் ஒவ்வோர் அட்சரமும் எடை கூடி நிற்கும்.

வழக்கமான அணுகுமுறை ஒன்று இருந்தது. புயல் போன்ற முதற் கருப்பொருளை விரைவாக வாசித்து, சாந்தமான இரண்டாம் கருப்பொருள் வரும்போது வேகத்தைக் குறைப்பார்கள். அங்கே சற்று நிதானமாக என்று பிராம்ஸே குறிப்பும் எழுதியிருக்கிறார். இப்படி எதிரெதிரான இரு குணங்களை மோதவிடுவதே இப்படைப்பின் உயிர் என்று பலரும் கருதினர்.

கூல்ட் இதை ஏற்கவில்லை. இரு கருப்பொருள்களுக்கும் அடிநாதமாக ஒரே நாடித்துடிப்பு ஓட வேண்டும் என்பது அவர் எண்ணம். முரண்களைப் பெரிதாக்குவதைவிட, பகுதிகளுக்கிடையே உள்ள உறவுகளைக் காட்டுவதே தம் நோக்கம் என்று பின்னர் வானொலி நேர்காணலில் அவர் விளக்கினார். பாக் இசையில் தோய்ந்தவர் என்பதால், மேல்குரலுக்கு அடியில் மறைந்து ஓடும் உட்குரல்களையும் கேட்கச் செய்ய விரும்பினார். அதற்கு நிதானமான காலப்பிரமாணம் வேண்டியிருந்தது.

இரு கலைஞர்கள்

கிளென் கூல்ட் 1932இல் டொராண்டோ நகரில் பிறந்தவர். 1955இல் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. தந்தை அமைத்துக் கொடுத்த மிகத் தாழ்வான மடக்கு நாற்காலியில் அமர்ந்துதான் எங்கும் வாசிப்பார். வாசிக்கும்போது முணுமுணுத்துப் பாடுவார். உடல்நலக் காரணம் கூறிக் கச்சேரிகளை ரத்து செய்வதும் அடிக்கடி நடந்தது.

லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1918இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பிறந்தவர். வெஸ்ட் சைட் ஸ்டோரி இசை நாடகத்தின் இசையமைப்பாளர். 1958 முதல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். தொலைக்காட்சி வழியே இலட்சக்கணக்கானோருக்கு இசையை விளக்கிய நல்லாசிரியரும் ஆவார். கூல்ட்டின் மேதைமையை வெளிப்படையாகப் போற்றியவர் அவர். இருவரும் இதற்கு முன்பே சேர்ந்து பாக், பெத்தோவன் கன்சர்ட்டோக்களைப் பதிவு செய்திருந்தனர். ஆகவே 1962இல் நிகழ்ந்தது பகைவர்களின் சண்டையன்று.

மேடை உரை

அந்த வாரத்தின் முதற்பாதி நிகழ்ச்சியில் டென்மார்க் இசையமைப்பாளர் கார்ல் நீல்சனின் படைப்புகள் இடம்பெற்றன. பிராம்ஸ் கன்சர்ட்டோ இடைவேளைக்குப் பிறகு வந்தது. பெர்ன்ஸ்டைன் தனியாக மேடைக்கு வந்ததும், கூல்ட் மறுபடியும் வரவில்லை போலும் என்று அவை நினைத்திருக்கக்கூடும். அஞ்ச வேண்டாம், கூல்ட் வந்திருக்கிறார் என்று சொல்லியே அவர் தொடங்கினார். அவையில் சிரிப்பு எழுந்ததைப் பதிவில் கேட்கலாம்.

பிறகு அவர் சொன்னவற்றின் சாரம் இது. அவையோர் கேட்கப்போவது வழக்கத்துக்கு மாறான வாசிப்பு. காலப்பிரமாணம் மிக விரிந்தது. பிராம்ஸின் ஒலி ஏற்ற இறக்கக் குறிப்புகளிலிருந்து பல இடங்களில் விலகுவது. இக்கருத்தோடு தமக்கு முழு உடன்பாடு இல்லை. அப்படியானால் ஏன் நடத்த வேண்டும்? கூல்ட் பொறுப்புமிக்க கலைஞர். அவர் மனமறிந்து முன்வைக்கும் எதையும் மதித்துக் கேட்டாக வேண்டும். கன்சர்ட்டோவில் தலைவர் யார், நடத்துநரா வாத்தியக் கலைஞரா என்ற பழைய கேள்வியையும் அவர் எழுப்பினார். சில வேளைகளில் ஒருவர், சில வேளைகளில் மற்றவர் என்றார். தம்மால் சற்றும் ஒத்துப்போக இயலாத புதுக் கருத்துக்குத் தாம் பணிய நேர்ந்தது இதற்கு முன் ஒரே ஒரு முறைதான், அதுவும் கூல்ட்டுடன் வாசித்தபோதுதான் என்று அவர் கூறியதும் அவை பெரிதாகச் சிரித்தது.

வேறு பியானோ கலைஞரை அழைத்திருக்கலாம், உதவி நடத்துநரிடம் கோலை ஒப்படைத்திருக்கலாம் என்பதையும் பெர்ன்ஸ்டைனே சொன்னார். ஆனால் பலமுறை கேட்ட படைப்பைப் புதிதாகப் பார்க்கும் வாய்ப்பு இது. கூல்ட்டின் வாசிப்பில் வியக்கத்தக்க புதுமையோடு வெளிப்படும் இடங்கள் உண்டு. சிந்தித்து வாசிக்கும் கலைஞரிடம் கற்க எல்லாருக்கும் ஏதேனும் இருக்கும் என்றார். தமக்கு முன் அந்த இசைக்குழுவுக்குத் தலைமை வகித்த திமித்ரி மித்ரோபவுலோஸ், இசையில் ஒரு விளையாட்டு உணர்வு வேண்டும் என்று சொல்வதை நினைவூட்டி, துணிந்து செய்து பார்க்கும் அந்த உணர்வோடு இதைக் கேட்குமாறு அழைத்து உரையை முடித்தார்.

கடிகாரம் சொல்வது

கன்சர்ட்டோ முழுவதும் வாசித்து முடிக்கச் சுமார் 53 நிமிடங்கள் ஆயின. அக்காலத்துப் பதிவுகள் பல 45 முதல் 50 நிமிடங்களில் முடிந்தன. வியப்பு என்னவென்றால், இந்த வேறுபாடு பகுதிக்குப் பகுதி ஒரே மாதிரி இல்லை. அதே 1962இல் பிரிட்டிஷ் கலைஞர் கிளிஃபர்ட் கர்சன், ஜார்ஜ் செல் நடத்திய லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு செய்த பதிவை ஒப்பிடலாம். கர்சன் முதற்பகுதிக்குச் சுமார் 22 நிமிடங்கள் எடுத்தார். கூல்ட் 25 நிமிடங்களுக்கு மேல் எடுத்தார். இறுதிப்பகுதியிலும் கூல்ட்டே மெதுவானவர். ஆனால் மெதுவாக வாசிக்க வேண்டிய நடுப்பகுதியைக் கர்சன் சுமார் 16 நிமிடங்களில் வாசிக்க, கூல்ட் 14 நிமிடங்களுக்குள் முடித்துவிட்டார்.

ஆகவே கூல்ட் எல்லாவற்றையும் இழுத்து வாசித்தார் என்ற பொதுப்பேச்சு முழுதும் சரியன்று. விரைவான பகுதிகளை நிதானப்படுத்தி, நிதானமான பகுதியைச் சற்று நகரவிட்டு, மூன்றையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்தார். அவர் சொன்ன ஒரே நாடித்துடிப்பு என்னும் கருத்தைக் கடிகாரமும் உறுதி செய்கிறது.

இதனால் உணர்வும் மாறுகிறது. தொடக்கத்தில் புயலின் சீற்றம் குறைந்து, துக்க ஊர்வலத்தின் எடை கூடுகிறது. பியானோ இசைக்குழுவோடு போட்டியிடாமல் அதற்குள் கரைந்து பேசுகிறது. இழப்பும் உண்டு. பதற்றம் தளர்ந்து இசை நின்றுவிடுமோ என்று தோன்றும் இடங்கள் வருகின்றன. பியானோவும் இசைக்குழுவும் நூலிழை விலகும் கணங்களும் கேட்கின்றன.

விமர்சனமும் விளைவும்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலைமை இசை விமர்சகர் ஹரால்ட் ஷோன்பெர்க் கடுமையாக எழுதினார். ஓசிப் என்ற கற்பனை நண்பரிடம் பேசுவது போல அமைந்த அந்த விமர்சனம் இருவரையும் எள்ளி நகையாடியது. மெதுவாக வாசித்ததற்குக் கூல்ட்டின் விரல் திறன் போதாமையே காரணமாக இருக்கலாம் என்றும் குத்திக்காட்டியது. கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை மின்னல் வேகத்தில் வாசித்த கலைஞரைப் பற்றி இப்படி எழுதியது நியாயமா என்று பிற்காலத்தவர் கேட்டனர்.

நடத்துநர் மேடையிலேயே விருந்தினரைக் கைவிட்டுவிட்டார் என்ற பேச்சும் பரவியது. கூல்ட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெர்ன்ஸ்டைன் பேசப்போவது அவருக்கு முன்பே தெரியும். உரை நல்லெண்ணத்தோடு நிகழ்ந்தது என்றே அவர் பின்னர் கூறினார். 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாசித்ததோடு கூல்ட் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 31. பிராம்ஸ் நிகழ்ச்சியே இதற்குக் காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஒலிப்பதிவுக் கூடமே இசைக்கு உகந்த இடம், கச்சேரி மேடை கலைஞரை வேடிக்கைப் பொருளாக்குகிறது என்ற கருத்து அவருக்கு நெடுங்காலமாக இருந்தது.

பதிவின் பிற்கால வரலாறு

வானொலி ஒலிபரப்புக்காகச் செய்யப்பட்ட இப்பதிவு உடனே வணிக வெளியீடாக வரவில்லை. அனுமதியற்ற இசைத்தட்டுகளாகப் பல ஆண்டுகள் இரசிகர்களிடையே கைமாறியது. 1998இல் சோனி நிறுவனம் பெர்ன்ஸ்டைனின் உரையையும் சேர்த்து முறையாகக் குறுந்தகட்டில் வெளியிட்டது.

1983இல் வியன்னாவில் போலந்து கலைஞர் கிறிஸ்டியான் சிமர்மனோடு பெர்ன்ஸ்டைன் இதே கன்சர்ட்டோவை மீண்டும் பதிவு செய்தார். அதில் முதற்பகுதி மட்டும் 24 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. முழுப்படைப்பும் 50 நிமிடங்களைத் தாண்டுகிறது. அவர் எதிர்த்ததாகக் கருதப்பட்ட மெதுவான காலப்பிரமாணம் இருபது ஆண்டுகளில் அவருடைய கையிலிருந்தே வந்தது. ஆனால் நடுப்பகுதியில் அவர் கூல்ட்டின் வழியே செல்லவில்லை. மற்றவர்களைப் போல அதை மிக மெதுவாகவே நடத்தினார். கூல்ட் அதற்கு முந்தைய ஆண்டு, 1982 அக்டோபர் 4 அன்று, 50 வயதில் இறந்திருந்தார். அவரும் இறப்புக்கு முன் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை மறுபடி பதிவு செய்திருந்தார். 1955இல் ஏறத்தாழ 38 நிமிடங்களில் வாசித்ததை 1981இல் சுமார் 51 நிமிடங்களில் வாசித்தார்.

மதிப்பீடு

ஸ்வரங்கள் ஒன்றாக இருக்க, காலப்பிரமாணம் மாறினால் ஒரு படைப்பின் உணர்வு எவ்வளவு மாறும் என்பதை இந்தப் பதிவு காட்டுகிறது. இதை முதன்முதலாகப் பிராம்ஸ் கேட்க விரும்புபவர்களுக்குப் பலரும் பரிந்துரைப்பதில்லை. கர்சன் போன்றோரின் பதிவைக் கேட்டுப் பழகிய பின் இதைக் கேட்டால்தான் கூல்ட் எதை மாற்றினார் என்பது விளங்கும்.

இசைக்கு அப்பாலும் இதில் ஒரு படிப்பினை உண்டு. பெர்ன்ஸ்டைன் தம் மறுப்பை மறைத்து அரைமனத்தோடு நடத்தியிருக்கலாம். தம் பதவியைக் காட்டிக் கூல்ட்டைப் பணிய வைத்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. மறுப்பை அவையறியச் சொல்லிவிட்டு, ஒப்புக்கொண்ட வேலையை அடுத்த 53 நிமிடங்களும் கூல்ட்டின் வழியிலேயே நிறைவேற்றினார். கூல்ட்டும் அந்த உரையைக் கேட்டபின் தம் காலப்பிரமாணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று யார் சொன்னது சரி என்பதை இன்றும் கேட்பவர்கள் தத்தம் காதுகளைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள்.